முந்நூறு வருடப் புகையும் என் இருபத்தெட்டு வருடமும்

கனடாவின் ஸ்காபரோவில் ஒருவர் "பைப் கம்பனியில் வேலை" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் இருபத்தெட்டு வருடங்கள் அனுபவித்திருக்கிறேன். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "அண்ணை, எங்கட பேஸ்மென்ற் சிங்க் ஒழுகுது. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" என்பார். இது தண்ணீர் பைப் இல்லை, புகை பிடிக்கிற பைப் என்று விளக்கியதும் அவர் முகம் வாடிவிடும். "அப்ப ஒழுகிறதுக்கு ஒண்டும் செய்யமாட்டியளோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி சோற்றில் கை வைப்பார்.

இப்போது எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். புகைப்பழக்கத்தை ஊக்குவிக்கிற மாதிரி இருக்கக்கூடாது என்று செயலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். அவர் கவலைப்படத் தேவையில்லை. இதை வாசித்த பிறகு யாரும் பைப் வாங்கப்போவதில்லை.

கம்பனி ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டைச் சேர்ந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். கம்பனியில் வேறு எது மிஞ்சியிருக்கிறதோ தெரியாது, சட்டத்தரணி ஒருவர் மிஞ்சியிருக்கிறார். பைப்பும் பைப் புகையிலையும் செய்து உலகமெல்லாம் அனுப்பியவர்கள். ரொறன்ரோவில் அவர்களுக்கு ஒரு கிளை இருந்தது. கிளை என்றால் ஸ்காபரோவில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் முன்பக்கம் ஒரு கவுண்டர், நடுவில் மனேச்சரின் அறை, பின்னால் களஞ்சியம், களஞ்சியத்தின் மூலையில் பழுது பார்க்கும் மேசை. அந்த மேசைதான் என்னுடையது.

கம்பனியின் உண்மையான உற்பத்தி பைப் அல்ல, வரலாறு. புகையிலைப் பேணி ஒவ்வொன்றின் மூடியிலும் அது சுருக்கமாகவும், கம்பனியின் வரலாற்று நூலில் விரிவாகவும் அச்சிடப்பட்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மெழுகுதிரி வார்த்து விற்ற ஒருவர் முந்நூறு வருடங்களுக்கு முன் களிமண் பைப் செய்யத் தொடங்கி, அதில் ஒன்றை அரசரின் வண்டிக்காரனுக்கு விற்றார் என்றுதான் இருந்தது. சில வருடங்களில் வண்டிக்காரன் மந்திரியாகிவிட்டான். அடுத்த பதிப்பில் மந்திரியை எடுத்துவிட்டு அரசரையே போட்டார்கள். கடைசிப் பதிப்பில் அரசர் தன் பைப்புக்காக மழையில் கடை வாசலில் காத்து நின்றார். இன்னும் ஒரு பதிப்பு வந்திருந்தால் அரசர் உள்ளே வந்து கூட்டிப் பெருக்கியிருப்பார். அதற்குள் இந்த நாட்டு அரசாங்கம் புகையிலைப் பெட்டிகள் எல்லாம் ஒரே மண்ணிறத்தில், படமும் முத்திரையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. முந்நூறு வருடம் ஒரே நாளில் சட்டவிரோதமானது. கொஞ்சக் காலத்தில் கிளையையும் மூடினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். நேர்முகத்தில் மனேச்சர் மிஸ்டர் லூக்காஸ், புகையிலையைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். யாழ்ப்பாணம் புகையிலைக்குப் பேர்போன இடம், நான் அதிலேயே வளர்ந்தவன் என்றேன். என் தகப்பனார் ஊர்காவற்துறையில், கூப்பனுக்கு அரிசியும் சீனியும் கொடுக்கிற கடையில் மனேச்சர். புகையிலைத் தோட்டத்தை நான் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன். கம்பனியின் மரபுக்குப் பொருத்தமான ஆள்தான் என்று இப்போது நினைக்கிறேன். மரியநாயகம் என்ற என் பெயரை அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் "மரியோ" என்று முடித்தார். அன்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில், "எங்கள் மரியோ பார்த்துக்கொள்வார்" என்பார். அவர்கள் இத்தாலியிலிருந்து வந்த கைவினைஞர் ஒருவரை மனதில் நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

மிஸ்டர் லூக்காஸ் உயரமான, அமைதியான மனிதர். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பைப் மினுக்குகிற மஞ்சள் துணியால் துடைப்பார். கோபம் எவ்வளவோ துடைப்பும் அவ்வளவு. அவருடைய விசேஷம் "நாங்கள்" என்ற சொல். "நாங்கள் களிமண்ணை விட்டு மரத்துக்கு மாறியபோது பலர் சிரித்தார்கள்" என்பார், ஏதோ போன வருடம் நடந்த மாதிரி. "அரசருக்கு நாங்கள் செய்த பைப்..." என்று தொடங்கும்போது அவர் பார்வை களஞ்சியக் கூரைக்குப் போய்விடும். அவர் பிறந்தது இங்கே கனடாவிலேயே, ஒன்ராறியோவின் ஹமில்ரன் நகரத்தில். கம்பனியின் தொழிற்சாலையை அவர் ஒரு தரம், சுற்றுலாப் பயணியாகப் பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன்.

தொழிலை ஒரு வருடத்தில் பழகிவிட்டேன். ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். பார்சலைப் பிரித்ததும் முதலில் மணக்கவேண்டும். ஈர மணமா, கருகல் மணமா, வீட்டுக்காரி சவர்க்காரம் போட்டுக் கழுவிய மணமா என்று மூக்கே பாதி அறிக்கையை எழுதிவிடும். பிறகு கிண்ணத்தின் உட்புறம் படிந்த கரியைச் சுரண்டி, ஒரு பத்துச் சத நாணயக் குற்றியின் தடிப்புக்கு விடவேண்டும். முழுவதும் சுரண்டினால் மரம் எரியும், அதிகம் விட்டால் மரம் வெடிக்கும். அதன்பின் கிண்ணத்தை உப்பால் நிரப்பி, மதுசாரம் ஊற்றி, ஒருநாள் வைக்கவேண்டும். மறுநாள் வெள்ளை உப்பு கோப்பி நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டித் துடைத்து, சின்ன பல்ப் ஒன்றை உள்ளே விட்டு, மரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும்.

கடைசியாகப் படிவம். சேதத்துக்கான காரணம் என்று, பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுவதற்கு அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. ஒன்று, நெருப்பைக் கவனமின்றிக் கையாண்டது. இரண்டு, ஈரத்தோடு பாவித்தது. மூன்று, கடினமான பொருளில் தட்டியது. நான்காவது, மரத்தில் குறை. முதல் மூன்றும் வாடிக்கையாளரின் பிழை. நான்காவதில் யாராவது புள்ளடி போட்டதாகக் கம்பனியில் எவருக்கும் நினைவில்லை. ஏனென்றால் வரலாற்றில் ஒரு வரி இருந்தது: "எங்கள் பைப் ஒன்றிலும் நாங்கள் ஒருபோதும் ஓட்டை அடைத்ததில்லை." பைப் செய்கிற, பிரையர் என்ற செடியின் வேர்க்கட்டையில் இயற்கையாகவே சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கும். மலிவான கம்பனிகள் அதில் மரத்தூளும் பசையும் குழைத்த சாந்தை வைத்து அடைத்து, மேலே சாயம் பூசிவிடும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆகவே மரத்தில் குறை இருக்கமுடியாது. ஆகவே நீங்கள்தான் பிழையாகப் புகைத்தீர்கள். புள்ளடி விழுந்த கட்டத்துக்கு ஏற்ற கடிதம் கணினியில் தயாராக இருக்கும். கீழே "மரியோ" என்று ஒப்பமிட்டு அனுப்பிவிடுவேன். அப்படி எத்தனை பேரைக் குற்றவாளியாக்கினேன் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்ததால்தான் நன்றாக நித்திரை வந்தது.

கிளையை மூடுவதற்குச் சில வருடங்கள் முன், ஒரு மாசி மாதக் காலை, பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கவுண்டருக்கு வந்தார். கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு கடிதம். பழைய அரச உத்தியோகத்தரின் ஆங்கிலத்தில், தாம் மிஸ்டர் மரியோவைச் சந்திக்க விரும்புவதாகச் சொன்னார்.

"நான்தான் மரியோ" என்றேன், ஆங்கிலத்தில்.

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்: "நீர் எந்த ஊர் மரியோ?"

"ஊர்காவற்துறை, ஐயா."

"நான் மட்டக்களப்பு. சிவஞானம். நில அளவைத் திணைக்களத்தில இருந்து ரிட்டயர் ஆனவன். உது உம்மட கையெழுத்தோ?"

என்னுடையதுதான். மூன்று கிழமைக்கு முன் அவர் தபாலில் அனுப்பிய பைப்பின் அடிப்பக்கம் எரிந்து ஓட்டை விழுந்திருந்தது. நான் முதலாவது கட்டத்தில் புள்ளடி போட்டு, பைப்பையும் கடிதத்தையும் திருப்பி அனுப்பியிருந்தேன். "எங்கள் முந்நூறு வருட அனுபவத்தின்படி, இந்தச் சேதம் நெருப்பைக் கவனமின்றிக் கையாண்டதால் ஏற்பட்டது" என்று அதில் இருந்தது.

புதுப் பைப் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"நான் யூனியன்வில்லில மகனோட இருக்கிறன் தம்பி. பகலில வீட்டில நான் மட்டும்தான். பைப் பிடிக்கிறது கராஜுக்குள்ள. உம்மட கடுதாசியை மகன் பிரிட்ஜில காந்தம் போட்டு ஒட்டி வைச்சிருக்கிறான். நெருப்புப் பெட்டியை எடுத்து ஒளிச்சு வைச்சாச்சு. அடுப்பைத் தொடக்கூடாதாம். இப்ப என்னை ஒரு வயோதிபர் ஹோமில விட அப்ளிகேசனும் போட்டாச்சு. ஏனடா எண்டு கேட்டா, வாய் திறக்கிறானில்லை, பிரிட்ஜைக் காட்டுறான். இது அந்தக் கடுதாசியின்ர கொப்பி."

நான் கொப்பியைத் திருப்பி, கீழே இருந்த என் ஒப்பத்தைப் பார்த்தேன்.

"முப்பத்தஞ்சு வருசம் நிலம் அளந்தனான். சங்கிலி பிடிச்சுப் பாக்காம ஒரு எல்லையும் நான் எழுதினதில்லை. நீர் இந்தப் பைப்பை வடிவாப் பாத்தோ எழுதினீர்?"

பார்க்கவில்லை. மணந்தேன், கருகல் மணம் வந்தது, புள்ளடி போட்டேன். கரியைச் சுரண்டவும் இல்லை, பல்ப்பை உள்ளே விடவும் இல்லை. முடிவு எப்படியும் ஒன்றுதான் என்னும்போது எதற்கு மினக்கெடவேண்டும் என்ற எண்ணம்.

"இல்லை ஐயா" என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கவுண்டரில் நான் சொன்ன மிகச் சின்ன உண்மை அதுதான். சொல்லக் கஷ்டமாகவும் இருந்தது.

"அப்ப இப்ப பாரும்." பைப்பைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"சரியாப் பாக்கிறதெண்டா இரண்டாப் பிளக்கவேணும். பிறகு பாவிக்கேலாது."

"பிளவும்."

அவரை உள்ளே கூட்டிவந்து மேசைக்குப் பக்கத்தில் இருத்தினேன். பைப்பைப் பிடிகருவியில் இறுக்கி, மெல்லிய வாளால் நடுவே அறுத்தேன். இரண்டு பாதியும் பிரிந்தபோது எனக்கு வெளிச்சம் கூடத் தேவைப்படவில்லை. கிண்ணத்தின் அடியில், ஓட்டை விழுந்த இடத்தை ஒட்டி, ஒரு கடலைப் பருமனில் சாம்பல் நிறச் சாந்து. பொந்தை அடைத்து, மேலே மரத்தின் நிறத்தில் சாயம் பூசியிருந்தார்கள். அந்த இடத்தில் உண்மையான மரம் நகத்தின் தடிப்புக்குத்தான் இருந்தது. யார் புகைத்திருந்தாலும் எரிந்திருக்கும்.

சிவஞானம் ஐயா தன் விரல் நகத்தால் சாந்தைக் கிள்ளிப் பார்த்தார். "இது மரமில்லை" என்றார். "இல்லை ஐயா" என்றேன்.

இரண்டு பாதியையும் எடுத்துக்கொண்டு மிஸ்டர் லூக்காஸின் அறைக்குப் போனேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"நாங்கள் ஓட்டை அடைப்பதில்லை, மரியோ."

"இதில் அடைத்திருக்கிறது, சேர்."

"இருக்கமுடியாது. நாங்கள் அப்படிச் செய்வதில்லை என்று முந்நூறு வருடமாகச் சொல்லி வருகிறோம்."

"சொல்லி வருகிறோம்தான். தொழிற்சாலைக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கேட்டால் என்ன?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, வேறு யாருடைய செத்தவீட்டையோ அறிவிக்கிற குரலில், தொழிற்சாலை மூடி ஒன்பது வருடமாகிறது என்றார். பைப் வேறொரு நாட்டில், வேறு பல பெயர்களுக்கும் செய்துகொடுக்கிற ஓரிடத்தில் ஒப்பந்தத்துக்குச் செய்யப்படுகிறதாம். பெட்டியும் முத்திரையும் மட்டும் எங்களுடையவை.

"அப்படியென்றால் 'நாங்கள்' என்பது யார், சேர்?"

நான் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

"அங்கே பெயரை வைத்திருக்கிற ஒரு கந்தோர் இருக்கிறது. ஒரு சட்டத்தரணி, இரண்டு எழுதுவினைஞர்கள்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பிறகு, நீயும் நானும்."

வந்தவருக்கு இரண்டு புதுப் பைப் கொடுத்து அனுப்பு, கடிதம் மட்டும் வேண்டாம், கம்பனி ஒருநாளும் தன்னில் பிழை என்று எழுத்தில் கொடுக்காது என்றார். நான் போய்ச் சொன்னேன். சிவஞானம் ஐயா கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எனக்குப் பைப் வேண்டாம். பிரிட்ஜில ஒட்ட ஒரு கடுதாசி வேணும்."

பிளந்த பாதிகளை என்னிடமே விட்டுவிட்டு, பனிக்குள் இறங்கி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். வந்தது இரண்டு பஸ், போவதும் இரண்டு பஸ்.

அந்த மாதம்தான் நாங்கள் ரூஜ் என்ற பகுதியில் வீடு வாங்கிக் குடிபுகுந்திருந்தோம். வேலை போனால் வீடும் போகும். மனைவி றீற்றாவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "உண்மையை எழுதிக் குடுங்கோ. ஆனா வேலையையும் வைச்சிருங்கோ" என்றாள். இரண்டையும் ஒன்றாகச் செய்வது எப்படி என்று அவள் சொல்லவில்லை.

அதற்கான வழி கம்பனியின் வரலாற்றிலேயே இருந்தது. இத்தனை வருடம் அதை வாசித்து வாசித்து, அந்தப் பாஷை எனக்குத் தண்ணீர்பட்ட பாடாக ஆகியிருந்தது. அரசருக்குப் பைப் விற்ற பாஷையில் சிவஞானம் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதமுடியாதா?

வெள்ளிக்கிழமை மிஸ்டர் லூக்காஸ் பல் வைத்தியரிடம் போன நேரம், பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் பாவிக்கிற, தங்க முத்திரை பதித்த தடித்த தாளை எடுத்தேன். "எங்கள் இல்லத்தின் முந்நூறு வருடப் பாரம்பரியத்தில், ஒரு பைப் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டது அரிது" என்று தொடங்கினேன். பைப் குறுக்குவெட்டாகப் பிளந்து பார்க்கப்பட்டது என்றும், எந்தப் பாவனையாளரின் கண்ணோ கையோ எட்டாத ஓரிடத்தில் மரமே இடம் கொடுத்திருக்கிறது என்றும் எழுதினேன். முந்தைய கடிதம் இத்தால் மீளப்பெறப்படுகிறது என்று சேர்த்தேன். "திரு. சிவஞானம் அவர்கள் நெருப்பைக் கையாளும் முறை ஏனையோருக்கு முன்மாதிரியானது" என்று முடித்தேன். அவர் நெருப்புக்குச்சி கிழித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் பிழை என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. அரக்கை உருக்கி முத்திரையும் குத்தினேன்.

ஒப்பமிடும் இடத்தில் பேனை நின்றது. மரியநாயகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்குப் பார்த்து எழுதிக்கொடுத்த கடிதம் என்று ஐயாவின் மகன் நினைத்தால் எல்லாம் வீண். "மரியோ" என்றே போட்டேன்.

சனிக்கிழமை நானே யூனியன்வில்லுக்குக் கொண்டுபோனேன். மகன் சுரேன் கதவைத் திறந்தான். கடித உறையிலிருந்த அரக்கு முத்திரையைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான். வாசலிலேயே பிரித்து வாசித்தான்.

"வாவ். த்ரீ ஹண்ட்ரட் இயர்ஸ்? அப்பா, இதை ஒருக்கா வந்து பாருங்கோ. மரியோ எண்ட ஆள் எக்ஸ்பேர்ட் போல." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க கூரியரா, அங்கிள்? எங்க சைன் பண்ணவேணும்?"

"சைன் தேவையில்லை, தம்பி."

அவனுக்குப் பின்னால் சிவஞானம் ஐயா நின்றார். கடிதத்தை வாங்கி, ஒரு தரம் வாசித்தார். முன்மாதிரி என்ற இடம் வந்ததும் புருவம் உயர்ந்தது. என்னைப் பார்த்தார். சமையலறைக்குள் போய், பிரிட்ஜிலிருந்து பழைய கடிதத்தைத் தானே கழற்றி, அதே காந்தத்தால் புதியதை மாட்டினார். தாள் நேராக இருக்கிறதா என்று இரண்டு தரம் தள்ளி நின்று பார்த்தார். அதைக் கண்டபோதுதான், நான் இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தேன் என்பது எனக்கு உறைத்தது.

கராஜில் ஒரு புகை எச்சரிக்கைக் கருவி பூட்டுவது என்று வீட்டில் சமாதானம் ஆகியது. ஒரு மாதம் கழித்து ஹோமுக்குப் போட்ட விண்ணப்பத்தைச் சுரேன் திரும்பப் பெற்றுக்கொண்டான். அதன்பின் நான் எல்லாப் பைப்பையும் ஒழுங்காகப் பார்த்தேன். நான்காவது கட்டத்தில் புள்ளடிகள் விழத் தொடங்கின. மிஸ்டர் லூக்காஸ் கண்ணாடியைத் துடைத்தபடி, புதுப் பைப் கொடுக்க ஒப்பமிட்டார். அடுத்த வருடம் ஐரோப்பாவிலிருந்து புதிய படிவங்கள் வந்தன. அவற்றில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. நான் அடிமட்டமும் பேனையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்காவது கட்டத்தை நானே கீறிச் சேர்த்துக்கொண்டேன்.

சிவஞானம் ஐயா அரச உத்தியோகத்தர் அல்லவா, கிடைத்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பாரா? எனக்குச் சொல்லாமலே, நன்றி தெரிவித்து ஐரோப்பாவிலுள்ள தலைமையகத்துக்கு எழுதிவிட்டார். என் கடிதத்தின் கொப்பியையும் இணைத்திருந்தார். மிஸ்டர் லூக்காஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டு அதை மேசையில் வைத்தபோது, அன்றோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "அவர்களுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது" என்றார். "வரலாற்றில் சேர்க்கப் போகிறார்களாம்."

சேர்த்தார்கள். மிஸ்டர் லூக்காஸுக்குப் பாராட்டாக ஒரு பித்தளைப் பலகை வந்தது. எனக்குப் புகையிலை இலை போட்ட ஒரு கழுத்துப்பட்டி. புதிய வரலாற்று நூல் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு யூனியன்வில்லுக்குப் போனேன். சிவஞானம் ஐயா கராஜில் மடிப்புக் கதிரையில் இருந்து, வேறொரு கம்பனியின் பைப்பில் புகைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். ரொறன்ரோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிரித்தானிய நில அளவை அதிகாரி ஒருவர், தம் பைப்பை ஆராய்ந்து தரும்படி எங்களைத் தேடி வந்தார் என்று அதில் எழுதியிருந்தது. தெற்கு இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றில், தலைமுறை தலைமுறையாக வேர்க்கட்டை கடையும் குடும்பத்தில் பிறந்த எங்கள் மரியோ அவரை வரவேற்றார் என்றும் இருந்தது. சாந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, வரி வரியாக, நிறுத்தற்குறி உட்பட எல்லாவற்றையும் சரிபார்த்தார். ஓரிடத்திலும் பென்சில் படவில்லை. நூலை மூடி என்னிடம் தந்தார்.

"இங்கிலீசில ஒரு பிழையும் இல்லை, தம்பி" என்றார். "ஆக்கள்தான் நாங்கள் இல்லை."